லைப்ரரி பீரியடு என்றாலே பிள்ளைக்கு வயிறு வலிக்கிறது, என்ன செய்யலாம்?

சாக்பீஸ்_டப்பா

எல்லாருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒன்றிலிருந்து ஐந்து வரை மொத்தம் 31 பிள்ளைகள். எங்கள் பள்ளியில் ஒரு இரும்பு பீரோ நிறைய புத்தகம் இருக்கிறது. முன்பு புத்தகப் பூங்கொத்து என்று வகுப்பறை நூலகத் திட்டம் வந்தபோது கொடுத்தது, அப்புறம் வாசிப்பு இயக்கத்தில் எளிதில் இருந்து கடினம் என்று படிப்படியாக வந்த நுழை, நட, ஓடு, பற வரிசை, ஊஞ்சல் இதழ்கள், ஊர்க்காரர் ஒருவர் கொடுத்துவிட்டுப் போன பழைய காமிக்ஸ் எல்லாம் சேர்த்து 300க்கு மேல் தேறும். சாவி ஹெச்.எம். சார் சட்டைப் பையில். சார் நல்ல மனிதர், ஆனால் இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் தணிக்கைக்குத் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று பயம். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம்தான் இருக்கிறது, அவர் பயத்தையும் குறை சொல்ல முடியாது.

இந்த ஜூனில் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை லைப்ரரி என்று வாங்கிவிட்டேன். முதல் வாரம் ஆசையாகப் புத்தகங்களை எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பத்து நிமிடத்தில் யானை அட்டை போட்ட ஒரே புத்தகத்துக்கு மூன்று பேர் சண்டை. நாலு பேருக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை, அவர்கள் பக்கத்தைச் சும்மா புரட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் என்றால், அமைதி வரட்டும் என்று "சரி, ஒவ்வொருவரா எழுந்து என்ன படிச்சீங்கன்னு சொல்லுங்க" என்றேன். அமைதி வந்தது, ஊசி விழுந்தால் கேட்கும். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து நின்று அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

அடுத்த வெள்ளி மதியம் அவன் என்னிடம் வந்து "டீச்சர், வயிறு வலிக்குது, வீட்டுக்குப் போகவா" என்றான். அதற்கடுத்த வெள்ளியும். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதை என்றால் பறக்கிற வயசுப் பிள்ளையைப் புத்தகத்தைக் கண்டு ஓடும்படி நானே ஆக்கிவிட்டேனோ என்று இருக்கிறது. பெரிய விழா, போட்டி எல்லாம் வேண்டாம், இரண்டு பேர் இருக்கிற பள்ளியில் நடக்கிற மாதிரி என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஒத்தையடிப்_பாதை

டீச்சர், முதல் காரியமாக அந்த "எழுந்து சொல்லு"வை விட்டுவிடுங்கள். பாதி வியாதி அதிலேயே போய்விடும். நானும் நாலு வருடம் அதைத்தான் செய்தேன், கூடவே "இந்தக் கதையில் இருந்து என்ன நீதி தெரிகிறது" என்று வேறு கேட்டேன். பிள்ளைகள் உஷாரானவர்கள், எந்தக் கதையைப் படித்தாலும் "பொய் பேசக் கூடாது டீச்சர்" என்று ஒரே பதிலை வைத்திருந்தார்கள். ஒருத்தி முதலைப் படப் புத்தகத்துக்கும் அதையே சொன்னாள், அதில் முதலைக்கு எத்தனை பல் என்பதைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பீரோவை விட்டு வெளியே கொண்டு வாருங்கள். நான் செய்தது: ஜன்னல் கம்பியில் இருந்து கதவு ஆணி வரை ஒரு நைலான் கயிறு, குழந்தையின் நெஞ்சு உயரத்தில். புத்தகத்தை நடுவில் விரித்துக் கயிற்றில் கவிழ்த்தால் அட்டை முன்னால் தெரியும். பீரோவுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கியிருக்கிற புத்தகத்தை, அதுவும் 16 பக்கப் புத்தகத்துக்கு ஏது முதுகு, எந்தக் குழந்தையும் தேடி எடுக்காது. ஒரே நேரத்தில் 25 புத்தகத்துக்கு மேல் தொங்கவிட வேண்டாம். திங்கட்கிழமை பத்தை இறக்கி வேறு பத்தை ஏற்றுங்கள், புதுப் படம் ரிலீஸ் மாதிரி நின்று பார்ப்பார்கள்.

எதை எடுப்பது என்பது அவர்கள் இஷ்டம். நாம் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து வைத்திருக்கிறோம், அது பாடத்துக்குச் சரி. கயிற்றுக்குக் கிட்டே அந்தப் பேச்சே வரக் கூடாது. அரும்பில் இருக்கிற பையன் பற வரிசைப் புத்தகத்தை எடுத்தால் எடுக்கட்டும், படம் பார்க்கத்தான் எடுக்கிறான். ஐந்தாம் வகுப்புப் பெண் நுழை புத்தகத்தை எடுத்தாலும் "உனக்கு இது சின்னப் பிள்ளைப் புத்தகம்" என்று சொல்லாதீர்கள், வீட்டில் தம்பிக்குப் படித்துக் காட்ட எடுத்திருப்பாள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் மாட்டிவிட்டு வேறு எடுக்கலாம். நாம் மட்டும் எடுத்த எல்லாப் புத்தகத்தையும் முடித்திருக்கிறோமா என்ன? என்னிடம் ஒருவன் லாரி படம் போட்ட ஒரே புத்தகத்தைப் பதினோரு தடவை எடுத்தான். அவன் அப்பா லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். பன்னிரண்டாவது தடவை பக்கத்தில் தொங்கிய ரயில் புத்தகத்துக்குப் போனான், அதுவும் அவனாகவே.

அப்புறம் முக்கியமானது, தினமும் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் 40 நிமிடத்தைவிட நாளுக்குப் பத்து நிமிடம் மேல். சாப்பாடு முடிந்து, தட்டுக் கழுவி, பிள்ளைகள் சொக்கிக்கொண்டு வருகிற அந்த நேரம் இருக்கிறதே, அதில் வேறு எந்தப் பாடமும் ஏறாது, கதை ஏறும். எல்லாரையும் தரையில் கிட்டக்க உட்கார வைத்து, படம் அவர்கள் பக்கம் இருக்கும்படி புத்தகத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். அதற்கு நாமே முந்தின நாள் வீட்டில் ஒருமுறை படித்திருக்க வேண்டும், இல்லை என்றால் தலைகீழாகப் பார்த்துத் திக்குவோம். பெரிய கதையாக இருந்தால் நரி குகைக்குள் காலை வைக்கிற இடத்தில் மூடிவிடுங்கள். "டீச்சர் டீச்சர்" என்று கத்துவார்கள். மனசு இளகக் கூடாது. சாயங்காலம் மணி அடித்ததும் ஒன்றிரண்டு பேர் அந்தப் புத்தகத்தைத் தேடி வருவார்கள்.

உங்கள் பள்ளியில் காலை உணவு உண்டுதானே? எங்களுக்கு அது வந்த பிறகு பிள்ளைகள் எட்டேகாலுக்கே வந்துவிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்து பிரார்த்தனை வரைக்கும் அரை மணி நேரம் சும்மாதான் ஓடித் திரிவார்கள். அந்த நேரத்தில் கயிறு இருக்கிற அறையைத் திறந்து வைத்தால் போதும். ஒரே ஒரு சட்டம்தான்: உப்புமாக் கையோடு உள்ளே வரக் கூடாது.

---

ரிட்டயர்டு_ஹெச்எம்

சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்த ஆள் நான். அதனால் உங்கள் ஹெச்.எம். பக்கமும் கொஞ்சம் பேசுகிறேன்.

பயம் பொய்யான பயம் இல்லையம்மா. ஒருமுறை பார்வைக்கு வந்தவர் புத்தகங்களை எண்ணினார், ஏழு குறைந்தது. பிள்ளைகள் படித்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, ஏழு எங்கே என்று மூன்று முறை கேட்டார். அன்றைக்குப் போட்ட பூட்டை நான் ஆறு வருடம் திறக்கவில்லை. திறந்தபோது அடித்தட்டில் இருந்த அத்தனையும் கரையான் தின்று மண்ணாகிக் கிடந்தன. பிள்ளை கிழித்திருந்தால் பத்துப் புத்தகம் போயிருக்கும், நான் பத்திரமாக வைத்ததில் அறுபது போனது.

சாரிடம் இப்படிப் பேசிப் பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடச் சொல்லுங்கள்: புத்தகங்கள் பிள்ளைகள் பயன்பாட்டுக்குத் திறந்து வைக்கப்படுகின்றன, பயன்பாட்டில் கிழிவதும் தேய்வதும் இயல்பு, அவை தனியாகக் குறிக்கப்படும் என்று நாலு வரி. பெற்றோர் கையெழுத்து இருக்கிற தீர்மான நோட்டு மேசையில் இருந்தால் தலைமை ஆசிரியருக்கு அது பெரிய தெம்பு. எங்கள் பள்ளியில் அதன் பிறகு என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் காட்ட ஒரு காகிதம் இருந்தது.

கிழிசலைப் பற்றி: வாரம் ஒருநாள் பிள்ளைகளை வைத்தே ஒட்டுங்கள். நாங்கள் புத்தக ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்தோம், ஒரு அட்டைப் பெட்டிதான் வார்டு. செல்லோடேப் வேண்டாம், ஒரு வருடத்தில் மஞ்சளாகி உதிர்ந்து பக்கத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். மைதாவைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, மெல்லிய வெள்ளைத் தாள் கீற்றால் ஒட்டினால் நிற்கும். பைண்டிங் கடைக்காரர் பசையில் மயில்துத்தம் போடுவார், பூச்சி அரிக்காது, ஆனால் அது விஷம், பிள்ளைகள் கைபடுகிற பசையில் கூடவே கூடாது. அன்றன்றைக்கு வேண்டியதைக் காய்ச்சிக்கொண்டால் போதும். தன் கையால் ஒட்டிய புத்தகத்தைப் பிள்ளை மறுபடி கிழிக்க மாட்டான், அடுத்தவன் கிழித்தால் சண்டைக்கும் போவான்.

---

நேர்கோடு

எல்லாம் சரி, ஆனால் அடிப்படையை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். நாலு பேருக்கு எழுத்தே கூட்டத் தெரியவில்லை என்று டீச்சர் சொல்கிறார். அவர்களுக்குக் கயிற்றில் மாட்டினால் என்ன, தங்கத் தட்டில் வைத்தால் என்ன? முதலில் உயிர்மெய் ஒழுங்காக வரட்டும், அப்புறம் கதைப் புத்தகம். எங்கள் காலத்தில் வாய்ப்பாடும் அரிச்சுவடியும் முடித்துத்தான் மற்றதெல்லாம். நாங்களும் படித்துத்தான் வந்தோம்.

---

ஒத்தையடிப்_பாதை

சார், எழுத்து வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது காலை வகுப்பில் நடக்கட்டும். ஆனால் எழுத்து முடியும் வரைக்கும் புத்தகத்தைக் காட்டாமல் வைத்தால், எதற்காக இந்த எழுத்தைப் படிக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். இரண்டாம் வகுப்பில் ஒரு குட்டி, க, ங, ச தவிர ஒன்றும் நிற்கவில்லை. குரங்கும் வாழைப்பழமும் வருகிற ஒரு புத்தகத்தை நான் ஏழெட்டு முறை படித்துக் காட்டியதில் அவளுக்கு மனப்பாடம். ஒருநாள் மூலையில் உட்கார்ந்து தங்கைக்குப் "படித்து"க்கொண்டிருந்தாள், விரலை ஒவ்வொரு சொல்லாக வைத்து. வாய் சொல்லி முடிப்பதற்குள் விரல் வரியின் கடைசிக்குப் போய்விட்டது. நிறுத்தினாள். மறுபடி முதல் சொல்லில் விரலை வைத்தாள். "குர...ங்கு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே நகர்த்தினாள். இப்போது கடைசிச் சொல்லும் விரலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, பார்க்கிறேன் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு அவளுக்கு ‘ங்கு’ வந்தது, நான் கரும்பலகையில் ஒரு மாதமாக எழுதிப்போட்ட அதே ‘ங்கு’.

---

கிளை_நூலகர்

ஒரு கிளை நூலகத்தில் வேலை செய்கிறேன். டீச்சர்கள் எங்களை மறந்தே போகிறீர்கள் என்பது என் நெடுநாள் வருத்தம். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் போகிறது தெரியுமா? அந்தக் காசில்தான் எங்கள் கட்டடம், புத்தகம் எல்லாம். ஆக, கேட்டு வாங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ பிள்ளைகளை ஒருநாள் நடத்தியே கூட்டிப் போங்கள். உறுப்பினராக ஆகும் காப்புத்தொகை சொற்பம்தான். அதையும் கட்ட முடியாத வீடு என்றால், ஊரில் யாராவது நாலு பிள்ளைக்குச் சேர்த்துக் கட்ட முன்வருவார்கள், கேட்கத்தான் ஆள் வேண்டும். பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளை கையில் கொடுத்துப் பாருங்கள், ஆதார் அட்டைக்குக்கூட அந்த முகம் வராது.

எங்கள் தொழிலுக்குப் பெரியவர் எஸ்.ஆர். ரங்கநாதன், சீர்காழிக்காரர். 1931இல் அவர் சொன்ன ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகம் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதே வருடம் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போன நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அன்றைக்கு மாடு கட்டிக் கொண்டு போனார்கள், இன்றைக்கு நாம் பீரோவைத் திறக்க ஒரு தீர்மானம் போட வேண்டியிருக்கிறது.

அவருடைய பிறந்தநாள் ஆகஸ்ட் 12, நூலகர் தினம். அதைச் சாக்காக வைத்துப் பிள்ளைகளில் இருவரை நூலகராக்கிவிடுங்கள். வாரா வாரம் ஆள் மாறட்டும். ஒரு 40 பக்க நோட்டு, அதில் புத்தகம் எண், எடுத்தவர் பெயர், தேதி, அவ்வளவுதான். எழுத வராத பிள்ளை தனக்கென்று ஒரு படம் வரையட்டும், ஒருத்தனுக்கு மீன், ஒருத்திக்குக் குடை. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று நம்மைவிட அந்த இரண்டு பேருக்கு நன்றாகத் தெரியும்.

புதுப் புத்தகத்துக்குக் காசு இல்லை என்றால், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன. இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், அனுமதி கேட்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்து நடுவில் பின் அடித்துக் கொடுத்தால் வண்ணத்தைப் பிள்ளைகளே அடித்துக்கொள்வார்கள்.

---

ரெட்டைச்சடை_அம்மா

நான் டீச்சர் இல்லை, நாலாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா. ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், ஸ்டார், பரிசு என்று மட்டும் போய்விடாதீர்கள். என் மகள் படிக்கிற பள்ளியில் போன வருடம் சுவரில் ஒரு சார்ட் மாட்டி, ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டார், இருபது ஸ்டாருக்கு ஜாமெட்ரி பாக்ஸ் என்றார்கள். முன்பெல்லாம் படுக்கையில் கால் மேல் கால் போட்டு ஒரே புத்தகத்தை நாலு நாள் படிப்பாள். அந்த மூன்று மாதம் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து எடுத்து, கடைசிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு ஸ்டார் வாங்கினாள். ஜாமெட்ரி பாக்ஸ் வந்தது. அப்புறம் புத்தகத்தைத் தொடவில்லை. "இப்ப ஸ்டார் குடுக்கலையே" என்கிறாள்.

---

ஒத்தையடிப்_பாதை

அம்மா சொல்வதற்கு ஆய்வே உண்டு. 1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆட்கள், படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு மட்டும் வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கூட்டம் தானாக வரைகிற நேரம் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்டப் பாதியாக இருந்தது. சொல்லாமல் திடீரென்று கொடுத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அதனால் பரிசு கொடுக்கவே ஆசையாக இருந்தால் சொல்லாமல் ஒருநாள் கொடுங்கள், அதுவும் புத்தகமாக இருந்தால் இன்னும் நல்லது.

---

சாக்பீஸ்_டப்பா

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்ல வேண்டுமல்லவா.

தீர்மானம் போட்டாயிற்று. ஹெச்.எம். சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கயிறு கட்டினோம். முதல் நாள் மூன்றாம் வகுப்பு எட்டாத உயரத்தில் கட்டிவிட்டேன், பிள்ளைகள் எம்பி இழுத்ததில் ஆணியோடு சேர்ந்து வந்துவிட்டது, மறுபடி கட்டினோம்.

மதியப் பத்து நிமிடம் நன்றாகப் போகிறது. காலை நேரம் அவ்வளவு இல்லை, ஐந்தாறு பேர்தான் வருகிறார்கள், மற்றவர்களுக்குக் கபடிதான் பிடிக்கிறது, சரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நாலாவது, ஐந்தாவது பிள்ளைகளுக்கு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டிக் குட்டிப் புத்தகம் செய்யச் சொல்லிக் கொடுத்தேன், அட்டை போக ஆறு பக்கம் வரும். வீட்டில் பாட்டி, தாத்தா சொன்ன கதையை அதில் எழுதி வரச் சொன்னேன். "எங்க அய்யாப்பா பேயைப் பாத்தாக" என்று ஒருத்தி அப்படியே பேச்சு மொழியில் எழுதி வந்தாள். திருத்தலாமா என்று பேனாவை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். இப்போது கயிற்றில் அதிகம் கைபடுகிற புத்தகம் அந்தப் பேய்தான். அரசாங்கப் புத்தகம் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வயிற்று வலிக்காரன் முதல் இரண்டு வாரம் கயிற்றுப் பக்கமே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. புத்தக ஆஸ்பத்திரி ஆரம்பித்த அன்று பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஒட்டுகிற சாக்கில் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டுகிறான். படிக்கிறானா என்று தெரியவில்லை, கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகவா என்று அவனும் கேட்கவில்லை.

மூன்று புத்தகம் ஒழுங்காகத் திரும்பவில்லை. ஒன்று மழையில் நனைந்து பூரி மாதிரி உப்பி வந்தது. இரண்டாவது யாரிடம் என்று நூலகர் பிள்ளைகளுக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மூன்றாவதுதான் சிக்கல். யானை அட்டைப் புத்தகம். ஹெச்.எம். சார் பேத்திக்குக் காட்ட வேண்டும் என்று வீட்டுக்கு எடுத்துப் போனார், பதினைந்து நாள் ஆகிறது, நோட்டில் கையெழுத்தும் போடவில்லை. எப்படிக் கேட்பது?

---

ரிட்டயர்டு_ஹெச்எம்

நீங்கள் கேட்காதீர்கள். அந்த வார நூலகரை நோட்டோடு அனுப்புங்கள்.